அம்மம்மா வீட்டுக்குப் புறப்படும் முன்



சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேரன் பேத்தியைப் பார்க்கப் போவது பற்றி வானொலியில் பேசினால், பின்னர் வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை பயணச்சீட்டின் விலை பற்றியவையாகவே இருக்கும். விலை முக்கியம்தான். கணக்காளன் நான் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு விலைக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. பேரப்பிள்ளையும் அம்மம்மாவும் எந்த நாட்டில் சந்திப்பது?

பக்கத்து வீட்டுக் கிரேக்கக் குடும்பத்துக்கு இந்தக் கேள்வி இல்லை. விடுமுறை வந்தால் ஊருக்குப் போவார்கள், வருவார்கள். எங்களுக்கு அப்படி அமையவில்லை. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபோது, சிட்னியிலும் மெல்பேணிலும் இருந்து பல குடும்பங்கள் முதல் தடவையாகப் பிள்ளைகளை யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் காட்டின. 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. அதன் பிறகு சென்னையிலும் திருச்சியிலும் வாடகை வீடு எடுத்து, பெற்றோரை அங்கே வரவழைத்துப் பேரப்பிள்ளையைக் காட்டியவர்கள் எத்தனையோ பேர். யுத்தம் 2009 இல் முடிந்துவிட்டது. ஆனால் 'இனி எல்லோரும் போகலாம்' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. யார் போகலாம் என்பது அவரவர் கையில் உள்ள வீசாவைப் பொறுத்தது.

முதலில் வீசாவைப் பார்ப்போம். 866 என்ற பாதுகாப்பு வீசாவில் இருப்பவர்களுக்கு 8559 என்ற நிபந்தனை உண்டு. எந்த நாட்டில் ஆபத்து என்று சொல்லிப் பாதுகாப்புப் பெற்றீர்களோ, அந்த நாட்டுக்குள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது என்பதே அதன் பொருள். தக்க கட்டாயக் காரணம் இருந்தால்தான் அனுமதி தருவார்கள். பிள்ளையை அப்பம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை எங்களுக்குப் பெரிய காரணம். திணைக்களத்துக்கு அது போதுமான காரணமாகத் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 'கொழும்பில் முத்திரை குத்தினால் இங்கே யாருக்குத் தெரியும்' என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். நிபந்தனையை மீறியதற்காக வீசாவை ரத்துச் செய்யும் அதிகாரம் உண்டு. அது அவுஸ்திரேலியாவில் பிறந்து வளரும் பிள்ளையின் வாழ்க்கையையும் சேர்த்தே புரட்டிப் போடும்.

அவுஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்துவிட்டால் அந்த வீசாவும் முடிகிறது, நிபந்தனையும் முடிகிறது. ஆகவே குடியுரிமை விண்ணப்பத்தின் முடிவு அண்மையில் வரும் என்றிருந்தால், அதுவரை பொறுத்திருந்து போவது நல்லது. இன்னும் பிரிட்ஜிங் வீசாவில் இருப்பவர்கள் பயணச்சீட்டு வாங்க முன்னர் கட்டாயம் சட்ட ஆலோசனை பெற வேண்டும். சில பிரிட்ஜிங் வீசாக்களில் இந்த நாட்டை விட்டு வெளியேறினாலே வீசா முடிந்துவிடும், திரும்பி வர முடியாது. நிரந்தர வீசா உள்ளவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போய்த் திரும்பும் உரிமை பொதுவாக முதல் 5 ஆண்டுகளுக்கே தரப்படுகிறது. அந்தக் காலம் கடந்திருந்தால் புறப்பட முன்னர் மீள்வருகை வீசா எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் நிலையையும் தனியாகப் பார்க்க வேண்டும். இங்கே பிறந்த எல்லாப் பிள்ளைகளும் பிறக்கும்போதே குடிமக்கள் என்று நினைத்துக் கொண்டிருப்பவர்கள் உண்டு. பிறந்த அன்று தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வதிவாளராகவோ இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால், இங்கேயே வாழ்ந்து வரும் பிள்ளைக்கு 10 வயது நிறையும்போதே அந்த உரிமை வருகிறது.

சரி, தாயும் தந்தையும் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். எல்லாம் முடிந்ததா? சட்டப்படி போகலாம். ஆனாலும் ஒருவர் தன் பழைய வாழ்க்கையை நேர்மையாக எண்ணிப் பார்த்துவிட்டே போக வேண்டும். புலம்பெயர் அமைப்புகளையும் தனிப்பட்டவர்களையும் பெயர் குறித்து இலங்கை அரசு 2014 இலும் 2021 இலும் வர்த்தமானியில் பட்டியல் வெளியிட்டது. இலங்கையில் பிறந்தவரை அந்த நாடு தன் குடிமகனாகக் கருதினால், அவுஸ்திரேலியத் தூதரகம் செய்யக்கூடிய உதவியும் குறைந்துவிடலாம். இவற்றை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானோர் சுகமாகப் போய் வருகிறார்கள். ஆனால் கட்டுநாயக்காவில் உங்களை இரண்டு மணி நேரம் தனி அறையில் இருத்தி விசாரித்தால், மூன்று வயதுப் பிள்ளை யாருடைய கையில் நிற்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் புறப்படக் கூடாது. கணவனும் மனைவியும் சேர்ந்து போவது நல்லது. ஒருவருக்குத்தான் சந்தேகம் என்றால் மற்றவர் பிள்ளையுடன் முன்னால் வரிசையில் நிற்கட்டும். வெளியில் காத்திருக்கும் உறவினரின் தொலைபேசி எண் இருவரிடமும் கடுதாசியில் எழுதி இருக்கட்டும். தொலைபேசியில் மட்டும் இருந்தால் போதாது.

தாய் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் குடும்பங்களும் எங்களிடம் நிறைய. தந்தை போக முடியாத நிலையில் இருப்பார். இங்கே எங்களுக்கே உரிய ஒரு சிக்கல் வரும். எங்கள் வழக்கப்படி பிள்ளையின் குடும்பப் பெயர் தந்தையின் பெயர், தாயின் கடவுச்சீட்டில் இருப்பதோ தாயின் தந்தையுடைய பெயர். மூன்று பேருக்கும் பெயர் பொருந்தாததைக் கண்டு அதிகாரி கேள்வி கேட்பது இயல்பு. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும், பயணத்துக்குச் சம்மதிக்கிறேன் என்று தந்தை கையொப்பமிட்டு அத்தாட்சிப்படுத்திய கடிதத்தையும் கைப்பையில் வைத்திருங்கள். பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போதே பொதுவாக இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பிள்ளையின் கடவுச்சீட்டு 5 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். இலங்கை வீசா விதிகள் அண்மைய ஆண்டுகளில் பல தடவை மாறிவிட்டன. போன வருடம் போய் வந்தவரிடம் கேட்காமல், புறப்படும் காலத்தில் அரசின் இணையத்தளத்தையே பாருங்கள். அதே தோற்றத்தில் பணம் பிடுங்கும் போலித் தளங்களும் உண்டு.

இலங்கைக்குப் போகவே முடியாதவர்கள் மனம் சோர வேண்டியதில்லை. மூன்றாவது நாடொன்றில் சந்திப்பது முன்னரை விட இப்போது இலகு. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொவிட் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. முன்பெல்லாம் யாழ்ப்பாணத்து முதியவர் சென்னை வருவதென்றால், முதலில் கொழும்புக்கு ஒரு நாள் பயணம் செய்ய வேண்டும். 75 வயதில் முழங்கால் நோவுடன் அது சின்ன வேலையா? இப்போது பலாலியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னை. அவர்களுக்கும் உங்களுக்கும் இந்திய வீசா வேண்டும். அவுஸ்திரேலியா கொடுத்த அகதிப் பயண ஆவணத்தில் போகிறவர் இந்திய இணைய வீசா எடுக்க முடியாது. தூதரகம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் குறுகிய காலத்துக்கு வீசா இல்லாமல் போகலாம். ஆனால் அங்கே அறை வாடகையைப் பார்த்தால் ஒரு வாரத்துக்கு மேல் தங்க மனம் வராது.

என்னுடைய அபிப்பிராயம், சந்திப்பு எந்த ஊரில் என்றாலும் ஹோட்டல் வேண்டாம். குசினி உள்ள வீடு எடுங்கள். ஹோட்டல் அறையில் அம்மம்மா ஒரு விருந்தாளி. கட்டில் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். குசினி உள்ள வீட்டில் அவர் காலையில் எழுந்து தேத்தண்ணி வைத்து, பிட்டு அவித்து, பேரப்பிள்ளைக்குத் தீத்தத் தொடங்கிவிடுவார். கீழ்மாடியாகப் பாருங்கள். இருந்து எழும்பக்கூடிய மலசலகூடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அவர்களுக்கும் பயணக் காப்புறுதி எடுங்கள். அவர்களுடைய மருந்துச் சிட்டையின் பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

எந்த வயதில் பிள்ளையைக் கொண்டுபோவது? 'இப்போது போனால் பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது, ஐந்தாறு வயதானதும் போவோம்' என்பார்கள். மூன்று வயதுக்கு முந்திய சம்பவங்கள் பெரியவர்களானபின் பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை என்பது உண்மை. ஆனால் நினைவு வைத்திருக்கப் போவது பிள்ளை மட்டுமல்ல. பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த மூன்று கிழமையை அப்பப்பா மறக்க மாட்டார். பிள்ளையின் வயதைக் கணக்கெடுக்கும்போது மற்றப் பக்கத்து வயதையும் எழுதிப் பாருங்கள். 78 வயதுக்காரரிடம் இன்னும் மூன்று வருடம் பொறுங்கள் என்று சொல்வது அவ்வளவு பாதுகாப்பான திட்டம் அல்ல.

கணக்குப்படி பார்த்தாலும் இரண்டு வயதுக்கு முன்னர் போவது மலிவு. மடியில் இருக்கும் குழந்தைக்கு விமானக் கம்பனிகள் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே எடுக்கின்றன. இரண்டு வயது நிறைந்தால் தனி இருக்கை வேண்டும். பயணத்தின் நடுவில் இரண்டாவது பிறந்த நாள் வந்தால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கைக்குப் பணம் கட்ட வேண்டி வரும். திகதி போடும்போது இதைக் கவனியுங்கள்.

ஆறு கிழமை என்ற எல்லையையும் கவனியுங்கள். வெளிநாட்டில் ஆறு கிழமைக்கு மேல் தங்கினால் குடும்ப வரிச் சலுகையின் ஏ பகுதி அடிப்படை அளவுக்குக் குறைக்கப்படும், பி பகுதி நின்றுவிடும். பிள்ளைப் பராமரிப்பு மானியமும் நிற்கும். பராமரிப்பு நிலையத்துக்குப் போகாத நாட்களுக்கும் அந்த மானியம் கிடைக்கும், ஆனால் ஒரு நிதியாண்டில் ஒரு பிள்ளைக்கு 42 நாட்கள் வரைதான். பயணத்தை ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலையில் முடித்தால் இரண்டு நிதியாண்டுகளுக்குப் பிரிந்துவிடும். நீண்டகாலம் ஒரே இடத்தில் வேலை செய்தவர்கள் நீண்ட சேவை விடுமுறையை மறந்துவிடுகிறார்கள். விக்டோரியாவில் 7 வருடத்தின் பின்னும், நியூ சவுத் வேல்ஸில் 10 வருடத்தின் பின்னும் அதை எடுக்கலாம். விக்டோரியாவில் அரைச் சம்பளத்தில் இரட்டிப்புக் காலம் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. பெற்றோருக்கு ஊருக்கு அனுப்பும் பணத்தை வரியில் கழிக்கலாமா என்று ஒவ்வொரு ஜூலையிலும் என்னைக் கேட்கிறார்கள். முடியாது.

எங்கள் சனங்கள் மிகவும் அலட்சியமாக இருப்பது சுகாதார விடயத்தில். உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள், சுற்றுலாப் பயணிகளை விட அதிகமாக நோயுடன் திரும்புகிறார்கள் என்பது பயண மருத்துவத்தில் நன்கு தெரிந்த விடயம். காரணம் எளிது. சுற்றுலாப் பயணி வைத்தியரிடம் போய்க் கேட்டுவிட்டுப் போகிறார். நாங்கள் 'எங்கடை ஊர்தானே' என்று போகிறோம். ஊர் எங்களுடையதாக இருக்கலாம். பிள்ளையின் உடம்பு டண்டினோங்கிலும் வென்ற்வேர்த்வில்லிலும் வளர்ந்த உடம்பு. குறைந்தது ஆறு கிழமைக்கு முன்னர் குடும்ப வைத்தியரைப் பாருங்கள். நெருப்புக் காய்ச்சல் தடுப்பூசி இரண்டு வயதிலிருந்தும், ஹெப்பரைற்றிஸ் ஏ தடுப்பூசி ஒரு வயதிலிருந்தும் போடலாம். சின்னமுத்துத் தடுப்பூசி இங்கே வழக்கமாக 12 மாதத்தில்தான் போடப்படும். வெளிநாடு போகும் குழந்தைக்கு 6 மாதத்திலிருந்தே ஒன்று முன்கூட்டிப் போட இடமுண்டு. இலங்கையில் 2023 இல் சின்னமுத்து மீண்டும் பரவியது என்பதை வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

மலேரியா பற்றி இனி அவ்வளவு பயம் வேண்டாம். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. பயப்பட வேண்டியது டெங்குவுக்கு. எங்கள் நீண்ட பாடசாலை விடுமுறை டிசம்பர், ஜனவரி. வடக்கில் மாரி மழை பெய்து நுளம்பு பெருகுவதும் அதே காலம். 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் யாழ். மாவட்டத்தில் டெங்கு கடுமையாகப் பரவியது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். ஆகவே இரவில் வலை கட்டினால் மட்டும் போதாது, பகல் நித்திரைக்கும் கட்ட வேண்டும். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும், அதுவும் பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில். அஸ்பிரினும் இபுபுரோபனும் கொடுக்கவே கூடாது, இரத்தக் கசிவை அவை கூட்டும். காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் ஆபத்து அதிகம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இரத்தத்தைப் பாருங்கள். திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தாலும், எங்கே போய் வந்தீர்கள் என்பதை வைத்தியருக்கு முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். யாழ்ப்பாணத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்றே நாங்கள் வளர்ந்தோம். கிருமிக்கு அது சரி. ஆனால் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். தோட்டத்துக்குப் போடும் உரம் இலகுவில் கிணற்றுக்குள் இறங்கிவிடும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அது இரத்தத்தில் ஒட்சிசன் செல்வதைத் தடுக்கக்கூடியது. புட்டிப்பால் கரைப்பதென்றால் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கரையுங்கள். அம்மம்மா மனம் நோவார். காரணத்தை முன்னரே தொலைபேசியில் விளங்கப்படுத்தினால் நோக மாட்டார்.

ஊர் நாயைத் தடவ ஓடும் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். கடித்தாலும் கீறினாலும் 15 நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மெடிகெயார் இலங்கையிலோ இந்தியாவிலோ செல்லாது, ஆகவே பயணக் காப்புறுதி இல்லாமல் புறப்படாதீர்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏழு எட்டு மணி நேர ஓட்டம். இரவு வந்து இறங்கிய உடனேயே வானில் ஏறி விடிய வீடு போய்ச் சேரும் பழக்கம் எங்களிடம் உண்டு. எனக்கு இது பிடிக்கவில்லை. சாரதி நித்திரை இல்லாமல் ஓடுகிறார், பிள்ளை தாயின் மடியில் பட்டி இல்லாமல் கிடக்கிறது. இங்கே மூலைக் கடைக்குப் போவதற்கே இருக்கையில் கட்டுகிறோம். நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கி, பகலில் போங்கள். பிள்ளையின் கார் இருக்கையைப் பல விமானக் கம்பனிகள் கட்டணம் இல்லாமல் ஏற்றுகின்றன. வான்காரரிடம் பின் இருக்கையில் பட்டி இருக்கிறதா என்று முன்னரே கேளுங்கள். வன்னியிலோ முகமாலைப் பக்கத்திலோ பழைய காணி பார்க்கப் போனால், கண்ணிவெடி அறிவிப்புப் பலகை உள்ள பற்றைக்குள் யாரையும் இறங்க விடாதீர்கள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாள் பலருக்கு ஏமாற்றமாகவே முடிகிறது. வட்ஸ்அப்பில் தினமும் முத்தம் கொடுத்த பிள்ளை, நேரில் அம்மம்மாவைக் கண்டதும் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழும். எட்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரை இது பிள்ளை வளர்ச்சியின் இயல்பு. திரையில் அம்மம்மாவுக்கு உள்ளங்கை அளவு முகம். நேரில் வெத்திலை மணமும் சேலையும் உரத்த குரலும் உள்ள முழு மனுசி. பிள்ளையைப் பறித்து அவர் கையில் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் விறாந்தையில் இருந்து கதைக்கட்டும். அம்மம்மா கோழிக்குத் தீனி போடட்டும், பிள்ளை தானாகக் கிட்டப் போகும். இரண்டு மூன்று நாள் எடுக்கும். இதனால்தான் ஐந்து நாள் வீட்டிலும் பத்து நாள் நுவரெலியா, திருகோணமலை என்றும் திட்டம் போட வேண்டாம் என்கிறேன். பழகும் நேரத்தில் பிள்ளையை வானில் ஏற்றிவிடுகிறோம்.

தமிழ் விளங்கியும் பேச வராத பிள்ளைகளுக்கு, போவதற்கு முன்னர் பத்துச் சொற்கள் சொல்லிக் கொடுங்கள். வசனம் தேவையில்லை. 'அம்மம்மா, தண்ணி', 'அப்பப்பா, வாங்கோ', 'காணும்'. சாப்பாட்டு நேரத்தில் 'காணும்' என்ற சொல் எவ்வளவு உதவும் என்பதைப் போனபின் அறிவீர்கள். மற்றப் பக்கத்திலும் சொல்லி வைக்க வேண்டியது உண்டு. 'இந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாதோ' என்று வந்து போகிற எல்லோரும் பிள்ளைக்கு முன்னால் கேட்டால், உள்ள நாலு சொல்லும் உள்ளே போய்விடும்.

ஒலிபரப்புக்காரன் என்ற முறையில் ஒன்று. புகைப்படம் எல்லோரும் எடுக்கிறீர்கள். குரலையும் பதிவு செய்யுங்கள். தொலைபேசியே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு முழ தூரத்தில் தலையணைமேல் வைத்து, பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, அம்மம்மா சிறுவயதில் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள். யுத்தத்தைப் பற்றிக் கேட்டுத் தொடங்க வேண்டாம். அவர் விரும்பினால் தானாக அங்கே வருவார்.

திரும்பும்போது பெட்டி கட்டுவது அம்மம்மாதான். மிளகாய்த்தூள், பினாட்டு, புழுக்கொடியல், பயற்றம் பணியாரம், கருவாடு, முருங்கையிலை என்று ஒவ்வொன்றாக வரும். வேண்டாம் என்று சொல்வது கடினம், சொல்லவும் தேவையில்லை. பச்சை இலைகளையும் விதைகளையும் மட்டும் அன்பாக எடுத்து வெளியே வையுங்கள். மற்ற உணவு எல்லாவற்றையும் வருகை அட்டையில் 'ஆம்' என்று குறித்து அதிகாரிக்குக் காட்டுங்கள். காட்டியதற்குத் தண்டம் இல்லை. அவர் அனுமதிப்பார், அல்லது எடுத்து வீசுவார். மறைத்தால்தான் அந்த இடத்திலேயே தண்டம். தோட்டத்தில் நடந்த சப்பாத்தையும் அதே அட்டையில் குறிக்க வேண்டும், ஆகவே ஊரிலேயே மண்ணைக் கழுவிவிடுங்கள். பெட்டியில் என்ன என்ன வைத்தார் என்று அம்மம்மாவிடமே ஒரு பட்டியல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரி கேட்கும்போது பெட்டியின் அடியில் இருந்து நீங்கள் அறியாத கருவாட்டுப் பொட்டலம் எதுவும் வெளிவராது.